பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மண்சுவராக வரைந்தால் தப்பா?

சிந்துபூந்துறைக்காரன்

பையன் எட்டாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். 'பாஞ்சாலங்குறிச்சிப் போர்' என்று ஒரு படம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். என் அம்மா பிறந்த ஊர் ஒட்டப்பிடாரம் பக்கம். ஆச்சி சொல்லச் சொல்லப் பேரன் வரைந்தான். மண்சுவர், சுற்றிலும் முள்வேலி, சுவருக்கு மேலே நாலைந்து தலை, வெளியே ஒரு பீரங்கி. 10க்கு 4 போட்டு, சிவப்பு மையில் 'கோட்டை மாதிரியே இல்லை' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்து பெஞ்சுப் பையன் சாம்பல் நிறத்தில் கருங்கல் கல்லாகக் கட்டம் போட்டு, வாசலுக்கு இரண்டு பக்கமும் உருண்டைக் கொத்தளம் வைத்து, உச்சியில் கொடியும் பறக்க விட்டிருக்கிறான். அவனுக்கு 9.

மார்க் போனதில் வருத்தம் இல்லை (கொஞ்சம் இருக்கிறது). ஞாயிற்றுக்கிழமை அவனைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கூட்டிக்கொண்டு போனேன். 1974ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை, உள்ளே மண்டபச் சுவரில் கட்டபொம்மன் கதை ஓவியமாக வரிசையாக இருக்கிறது. பையன் வெளியே வந்து கட்டடத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான். "அப்பா, இது அவன் வரைஞ்ச மாதிரிதானே இருக்கு. அப்ப ஆச்சி சொன்னது பொய்யா?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அல்வாத்துண்டு

ஆச்சியைச் சந்தேகப்பட்டவன் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

கரிசல் காடு

தம்பி, ஆச்சி சொன்னது சத்தியம். நான் அந்தப் பக்கத்து ஆள்தான். நினைவுக் கோட்டை வேறு, பழைய கோட்டை வேறு. பழைய கோட்டை இருந்த இடத்தில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது கட்டட அடித்தளங்கள்தான், தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிறது. அதைப் பையனுக்குக் காட்டினீர்களா? பெரும்பாலும் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஜக்கம்மா கோவிலில் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

மதில் ஏன் இல்லை என்றால், அதை இருக்க விடவில்லை. 1801ல் இரண்டாம் தடவை பிடித்தபோது கும்பினிக்காரன் (கிழக்கிந்தியக் கம்பெனிதான்) கோட்டையைத் தரைமட்டமாக்கினான். ஏர் ஓட்டி ஆமணக்கு விதைத்தார்கள் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். கருங்கல் கோட்டையாக இருந்திருந்தால் இப்படி உழுதுபோட முடியுமா, யோசித்துப் பாருங்கள். ஊரைத் தேடினால் கல்லாலும் காரையாலும் கட்டி நிற்கிற பழைய சாமான் ஒன்றே ஒன்றுதான். செத்துப்போன வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறை.

சாக்பீஸ்

நான் ஆசிரியர், அந்தப் பள்ளி இல்லை. டீச்சரை ரொம்பத் திட்ட வேண்டாம். நாற்பது படம் ஒரே ராத்திரியில் திருத்த வேண்டும். கோட்டை என்றதும் கண்ணுக்குள் வருவது எதுவோ அதற்குத்தான் கை மார்க் போடும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 1959ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' சினிமாப் படத்திலிருந்து என்று ஒரு சந்தேகம்.

பொதிகைத் தென்றல்

சந்தேகமே வேண்டாம். அந்தப் படத்தின் போர்க்காட்சிகளை எடுத்தது ஜெய்ப்பூரில். கரிசல் காட்டில் நடந்த சண்டையை ராஜஸ்தானத்து மண்ணில் குதிரை விட்டு எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அவ்வளவு குதிரையும் ஆளும் வேறெங்கே கிடைக்கும், குறையாகச் சொல்லவில்லை. அருமையான படம், சிவாஜிக்குக் கெய்ரோ விழாவில் விருது வாங்கிக்கொடுத்த படம். ஆனால் மூன்று தலைமுறையாக நம் மனத்தில் ஓடுகிற பாஞ்சாலங்குறிச்சி அதுதான். கட்டபொம்மன் முகம் என்றால்கூட நமக்கு சிவாஜி முகம்தானே. கட்டபொம்மன் காலத்தில் அவரைப் பார்த்து வரைந்த படம் என்று ஒன்று கிடைத்ததே இல்லை.

கோட்டைக்கு வருகிறேன். 1801 சண்டையில் நேரில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற கும்பினி அதிகாரி, தன் ராணுவ வாழ்க்கைக் குறிப்புகளை 1830ல் வெளியிட்டார். பக்கம் பக்கமாக அடிக்கணக்கில் அளந்து வைத்திருக்கிறார் மனிதர். ஒழுங்கில்லாத நீள்சதுரம், இரண்டு பக்கம் சுமார் 500 அடி, மற்ற இரண்டு சுமார் 300 அடி. முழுக்க மண், ஆனால் நன்றாக இறுகிப் பிடித்த மண். சுவர் பொதுவாக 12 அடி உயரம். கொத்தளங்கள் சின்னச் சின்னதாக, சதுரமாக. உருண்டை இல்லை, சதுரம்! சுற்றிலும் முள்வேலி. தம்பி, உங்கள் ஆச்சியும் வெல்ஷும் ஒரே படத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

500க்கு 300 என்றால் மூன்றரை ஏக்கர்கூட வராது. அவ்வளவுதான் கோட்டை.

அல்வாத்துண்டு

மூன்றரை ஏக்கரா! எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்து வண்டி நிறுத்தும் இடம் அதைவிடப் பெரிசு. இதைப் பிடிக்கவா வெள்ளைக்காரனுக்கு அவ்வளவு பாடு?

கரிசல் காடு

சிரிக்காதீங்க. மண்சுவர் என்றால் என்ன நினைத்தீர்கள்? எங்கள் தாத்தா வீடு மண்வீடு. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பக்கச் சுவர் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். மண்ணை வெட்டிக் குவித்துத் தண்ணீர் விட்டு ஊறப்போடுவார்கள். வைக்கோலை நறுக்கிப் போட்டு மாடு விட்டு மிதிக்க வேண்டும். ஒரு முழம் உயரத்துக்குச் சுவர் வைத்துக் காயவிட்டு, அப்புறம்தான் அடுத்த முழம். அவசரப்பட்டால் சரிந்துவிடும். காய்ந்த பிறகு அதில் ஆணி அடிக்கப் போனார் எங்கள் சித்தப்பா, ஆணிதான் வளைந்தது. அந்தச் சுவரே அகலம் ஒன்றரை முழம். கோட்டைச் சுவர் எப்படி இருந்திருக்கும்?

கல்சுவரில் குண்டு பட்டால் கல் தெறிக்கும், விரியும், ஒரு பக்கம் சரியும். மண்சுவரில் பட்டால் பொத்தென்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வடக்கே பரத்பூர்க் கோட்டையும் இப்படி மண்தான். 1805ல் லேக் என்ற பெரிய தளபதி நாலு தடவை ஏறிப் பார்த்து நாலு தடவையும் திரும்பினார்.

இதில் இன்னொன்று. 1801 பிப்ரவரி ஆரம்பத்தில் கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வருகிறார். கும்பினிக்காரன் 1799லேயே இடித்துப்போட்ட கோட்டை. சில நாளில் மறுபடி எழும்பி நிற்கிறது. ஆறே நாள் என்பார்கள். ஒரு முழம் வைத்துக் காயவிட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் எனக்கே மலைப்பாக இருக்கிறது. ஊரே மண் சுமந்திருக்கும்.

சிந்துபூந்துறைக்காரன்

அண்ணாச்சி, இதைப் பையனிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப 4 மார்க்கை 14ஆ மாத்தணும்" என்கிறான். ஒரு சந்தேகம். நான் படித்த காலத்தில் போர் என்றால் 1799, கயத்தாறு, தூக்கு, அத்தோடு பாடம் முடிந்தது. நீங்கள் எல்லோரும் 1801 என்றே பேசுகிறீர்களே?

பொதிகைத் தென்றல்

அதுதான் என் நெடுநாள் வயிற்றெரிச்சல். 1799 செப்டம்பர் 5 கும்பினி மேஜர் பானர்மேன் வந்து கோட்டையை வளைக்கிறார். முதல் தாக்குதல் வாசலிலேயே அடிபடுகிறது. பெரிய பீரங்கி வருவதற்குள் கட்டபொம்மன் வெளியேறுகிறார், கோலார்பட்டியில் ஒரு சண்டை, அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கு, கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுக்க, அக்டோபர் நடுவில் கயத்தாறு. ஒன்றரை மாதத்தில் முடிந்த கதை. இதற்குத்தான் படம், சிலை, அஞ்சல்தலை எல்லாம். கயத்தாற்றில் சிவாஜியே இடம் வாங்கிச் சிலை வைத்தார்.

1801 அப்படி இல்லை. மார்ச் கடைசியில் மெக்காலே மேஜர் ஏறிப் பார்த்துத் தோற்றுத் திரும்பினார். அப்புறம் கோட்டைக்கு எதிரே கூடாரம் போட்டுக்கொண்டு, மலபார் வரைக்கும் ஆள் சொல்லி அனுப்பிப் படைக்குக் காத்திருந்தார்கள். கர்னல் அக்னியூ வந்து மே 24ல்தான் கோட்டை விழுந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் ஒரு மண்கோட்டை நின்றிருக்கிறது. அங்கிருந்து ஊமைத்துரை சிறுவயலுக்கு மருது சகோதரர்களிடம் போக, போர் சிவகங்கைச் சீமைக்கு மாறுகிறது. அக்டோபரில் காளையார்கோவில் விழுகிறது, மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கு. நவம்பர் 16ல் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து கொன்றார்கள். இதற்கு நடுவில் ஜூலை 31ல் ஆற்காட்டு நவாபு எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தில் திருநெல்வேலிச் சீமை நேராகக் கும்பினி கைக்குப் போனது. முடிவு கட்டிய போர் என்றால் 1801தான். அதைப் படமாக யாரும் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

மடிவாளா நெல்லையன்

நான் பெங்களூரில் இருக்கிறேன். பேச்சு படத்தைப் பற்றி வந்ததால் சொல்கிறேன். வீட்டுக்கு விருந்தாள் வந்தால் நாங்கள் கூட்டிக்கொண்டு போகிற இடம் ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே திப்புவின் கோடை மாளிகை தரியா தௌலத், 1784ல் கட்டியது. மேற்குச் சுவர் முழுக்கப் புள்ளலூர்ப் போர் ஓவியம். போர் நடந்தது நம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10. குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லி, காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோவோடு சேர்வதற்குள் ஹைதரும் திப்புவும் வழிமறித்து அடித்த அடி. இந்தியாவில் கும்பினிக்கு அதுவரை விழாத அடி.

முதல் தடவை பார்க்கிறபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூ வேலைப்பாடு மாதிரி ஒரே கூட்டம். பக்கத்தில் போய் நின்றால்தான் தெரிகிறது. நடுவில் சிவப்புச் சட்டைக்காரர்கள் சதுரமாக நிற்கிறார்கள். சதுரத்துக்குள்ளே பல்லக்கில் பெய்லி, விரலை வாயில் வைத்தபடி. மேலே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. போரைத் திருப்பியதே அந்த வெடிதான் என்பார்கள். பிரெஞ்சுக்கார லாலி தூரதர்சினிக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். வெட்டுப்பட்ட தலைகள் உருண்டு கிடக்கின்றன. இவ்வளவுக்கும் ஒரு பக்கத்தில் திப்பு ரோஜாப்பூவை முகர்ந்துகொண்டு வருகிறார். தலை உருளுகிற இடத்தில் ரோஜாப்பூ!

என் கேள்வி இது. ஜெயித்தவனுக்கு ஓவியன் கிடைத்தான். நம் ஊரில் தோற்றோம், அதனால் படம் இல்லை. இவ்வளவுதானா?

கோவில்பட்டி தூரிகை

இவ்வளவு நாள் வாசித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா போர்டு எழுதுகிறவர். அதற்கு முன்னால் நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா வரைந்தவர். எங்கள் ஊர் கொண்டையா ராஜு பெயரைக் கேட்டிருப்பீர்கள், கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு நாடு முழுக்கக் காலண்டர் சாமி கொடுத்தவர், 1976ல் காலமானார். அவரும் அவர் சிஷ்யர்களும் நாடகத் திரைச்சீலை வரைந்துதான் கை பழகினார்கள். அப்பா அந்த வட்டத்தில் ஓரமாக நின்று கற்றுக்கொண்டவர்.

படுதாவில் ஒரு கணக்கு உண்டு. ஒரு செட்டு என்றால் தெரு, காடு, தர்பார், கோட்டை வாசல். கோட்டை வாசல் ஒன்றுதான் இருக்கும். இன்றைக்கு அரிச்சந்திரன் என்றாலும் அதுவே, நாளைக்குக் கட்டபொம்மன் என்றாலும் அதுவே. கருங்கல் கட்டம், இரண்டு பக்கம் உருண்டைக் கொத்தளம், நடுவில் வளைவு வாசல், தூரத்தில் ஊதா நிற மலை. அப்பாவிடம் ஒருதரம் கேட்டேன், "பாஞ்சாலங்குறிச்சியில ஏதுப்பா மலை?" "மலை இல்லேன்னா பின்னாடி எங்கே போய் முடியும்? கண்ணு வெளியே போயிரும்லா" என்றார். அவருக்கு அது ஊர் இல்லை, தூரம் காட்டுகிற வித்தை.

இன்னொன்றும் சொன்னார். மண்சுவரை வரைந்தால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் படுதா வெறுந்துணி மாதிரி தெரியும். கல்லுக்குக் கட்டம் உண்டு, ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் கொடுக்கலாம், பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கும் கோட்டை என்று தெரியும். ஆக, பக்கத்து பெஞ்சுப் பையன் வரைந்தது எங்கள் அப்பா படுதாவைத்தான். 9 மார்க் எங்களுக்கே வந்து சேர வேண்டும்.

சாக்பீஸ்

இதைப் பாடத்தில் வைக்கலாம்.

பொதிகைத் தென்றல்

தூரிகை, அற்புதம். இனி அந்த மலையை மறக்க முடியாது.

நெல்லையன் கேட்டதற்கு வருகிறேன். ஜெயித்தவனுக்குத்தான் படம் என்பது பாதி உண்மை. ஜெயித்தவன் செலவழித்தால் படம். பக்கத்துக் கதையையே பாருங்கள். புள்ளலூரில் சிறைப்பட்டவர்களில் ஒருவர் டேவிட் பேர்ட். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே 1782ல் இறந்துபோனார், பேர்டு 1784 வரைக்கும் உள்ளே கிடந்து வெளியே வந்தார். 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மேல் கடைசித் தாக்குதலை நடத்தியவர் அதே பேர்டு. திப்புவின் உடலை அவர் விளக்கொளியில் கண்டுபிடிக்கிற காட்சியை டேவிட் வில்கி 1839ல் பெரிய எண்ணெய் ஓவியமாகத் தீட்டினார். வரையச் சொன்னவர் பேர்டின் விதவை மனைவி. பேர்டு நிற்கிற இடத்துக்குக் கீழே ஒரு கம்பி போட்ட சாளரம் தெரியும், அவர் அடைபட்டிருந்த நிலவறையை நினைவூட்ட. வில்கி இந்தியாவுக்கே வந்ததில்லை.

அதற்கும் முன்னாலேயே, 1800ல், கெர் போர்ட்டர் என்ற இளைஞர் லண்டனில் அந்தக் கோட்டைத் தாக்குதலைச் சுமார் 120 அடி நீளத்துக்கு வரைந்து நிறுத்தினார். ஆறு வாரத்தில் முடித்தாராம். ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். அவரும் இந்த மண்ணை மிதித்தவர் இல்லை. பிளாசி? கிளைவும் மீர் ஜாஃபரும் கை கொடுக்கிற ஹேமன் படமும் 1760 வாக்கில் லண்டனில் ஓர் உல்லாசப் பூங்காவுக்காக வரைந்ததுதான். அவரும் வரவில்லை. நம் ஜெய்ப்பூர்க் குதிரையைப் பற்றி நான் சொன்னதைக் கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அது இந்த நாட்டுக்குள்ளாவது ஓடியது.

இதில் நமக்குச் சம்பந்தமுள்ள தேதியைப் பாருங்கள். மே 4ல் திப்பு விழுகிறார். கும்பினியின் கை ஓய்கிறது. நாலே மாதத்தில் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சி வாசலில். திப்பு நின்றிருந்தால் அந்தப் படை இந்தப் பக்கம் இவ்வளவு நிம்மதியாகத் திரும்பியிருக்காது. லண்டனில் 120 அடிப் படத்தைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருந்த காலத்தில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார். ஒரு சுல்தானைக் கொன்றால் டிக்கெட் விற்கும். ஒட்டப்பிடாரம் பக்கத்து மண்கோட்டையில் ஒரு பாளையக்காரனிடம் அடிவாங்கினோம் என்பதற்கு எவன் டிக்கெட் வாங்குவான்?

மடிவாளா நெல்லையன்

அக்கா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தரியா தௌலத் ஓவியம் வேறு வகை. நாலே வருடத்தில், போரைப் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போது வரைந்தது.

பொதிகைத் தென்றல்

வரைந்தது அப்போது, நீங்கள் பார்த்தது அதுவா? நடுவில் வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த மாளிகையில் குடியிருந்த வெல்லெஸ்லி அதை மீட்கச் சொன்னார். மறுபடி கெட்டு, டல்ஹவுசி காலத்தில் 1850களில் திரும்பத் தீட்டினார்கள். தோற்றவர்களே செலவழித்துத் தங்கள் தோல்வியைப் புதுப்பித்து வைத்த விசித்திரம் அது. கோடு எவ்வளவு பழசு, வண்ணம் எவ்வளவு பழசு என்று நீங்களும் நானும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதே போரைப் பத்துத் தாள்களில் 32 அடி நீளத்துக்கு வரைந்த பழைய பிரதி ஒன்று 2022ல் லண்டனில் ஏலம் போனது, 6,30,000 பவுனுக்கு.

ரோஜாப்பூவைப் பற்றிச் சொன்னீர்களே. அது நடந்ததா என்று கேட்பதே வீண். என் மகன் பதறவில்லை என்று ஹைதர் தரப்பு ஊருக்குச் சொல்கிற விதம் அது. நம் ஊர்ப் பாட்டில் கட்டபொம்மன் மீசையை முறுக்குவது மாதிரி.

தாமிரபரணிக் கரை

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நம் சீமையில் போரை வரையவே இல்லை என்கிற பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. திருப்புடைமருதூர் போயிருக்கிறீர்களா யாராவது? நாறும்பூநாதர் கோவில் கோபுரத்துக்குள்ளே ஏறினால் ஐந்து நிலையிலும் சுவர் ஓவியம், மரச்சிற்பம். குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் இருக்கிறது. படை படையாக யானை, குதிரை, ஈட்டிக்காரர்கள் மோதுகிற போர்க்காட்சி இருக்கிறது. 1532ல் விஜயநகரப் படைக்கும் வேணாட்டு அரசருக்கும் நடந்த தாமிரபரணிப் போர்தான் அது என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். நம் ஆற்றங்கரையில், நம் கோபுரத்துக்குள், நம் போர். படிக்கட்டு குறுகல், இருட்டு, வௌவால் நாற்றம் உண்டு. முன் அனுமதி இல்லாமல் ஏற விடமாட்டார்கள்.

கரிசல் காடு

நல்ல ஞாபகம். ஆனால் அதைப் பாருங்கள், அதுவும் ஆண்டவர்கள் காசில் நடந்த வேலைதானே. 1801க்கு அப்புறம் பாஞ்சாலங்குறிச்சியில் காசு கொடுக்க யார் இருந்தார்கள்? கோட்டையை உழுதாச்சு, குடும்பத்தைச் சிறையில் போட்டாச்சு, பெயரையே கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லியாச்சு. துணியும் வண்ணமும் வாங்க வழியில்லாதவனிடம் இருந்தது வாய்தான். பாடினான். வில்லடித்தான், கும்மி கட்டினான். நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பிக்கிற வரைக்கும் அது வாய்வழியாகவே ஓடியது. முயல் நாயை விரட்டின மண்ணு என்று எங்கள் ஆட்கள் சொல்லும்போது கையை நீட்டி, "இந்தா, இந்த வாக்கில ஓடுச்சு" என்று திசை காட்டுவார்கள். பார்த்த மாதிரியே.

அல்வாத்துண்டு

இந்தப் படங்களில் காட்டிக்கொடுத்தவர்களை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று யாரும் பேசவில்லையே. எட்டயபுரம்...

மட்டுறுத்துநர்

இந்தத் தலைப்பு ஒவ்வொரு தடவையும் எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியும். சென்ற முறை இரண்டு பேரை நீக்க வேண்டிவந்தது. எட்டயபுரம் கும்பினிப் பக்கம் நின்றது வரலாறு, அதை வைத்து இன்றைக்கு ஒருவரையொருவர் சாதி சொல்லித் திட்டுவது இங்கே நடக்காது. படத்தைப் பற்றி மட்டும்.

கோவில்பட்டி தூரிகை

மட்டுறுத்துநர் சொன்னது சரி. படத்தைப் பற்றியே ஒன்று. யார் படத்துக்குள் இருக்கிறார் என்பது காலத்துக்குக் காலம் மாறும். கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவன் சினிமாவில் வந்ததால் எல்லா நாடகத்திலும் வந்தார். கவர்னகிரி சுந்தரலிங்கம் வெடிமருந்துக் கிடங்குக்குள் தீயோடு பாய்ந்தார் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அவருக்கு மணிமண்டபம் வந்தது ரொம்பப் பிற்பாடு. அப்பா காலத்துப் படுதாவில் அவருக்கு இடம் இருந்ததில்லை. இன்றைக்கு நான் பிளெக்ஸ் வடிவமைக்கிறேன், இப்போது கேட்டு வாங்குகிறார்கள்.

சிந்துபூந்துறைக்காரன்

இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. பையன் மறுபடி வரையப் போகிறானாம், மார்க்குக்கு இல்லை, ஆச்சிக்கு. 1801ஐ வரைகிறேன் என்கிறான். உள்ளேயிருந்து பார்த்தால் அந்தக் கோட்டை எப்படி இருக்கும்? வெல்ஷ் அதையும் எழுதியிருக்கிறாரா?

பொதிகைத் தென்றல்

எழுதியிருக்கிறார். தாக்கியவர்கள் ஏறித் திரும்பத் திரும்ப ஏன் விழுந்தார்கள் என்பது கோட்டை பிடிபட்ட பிறகுதான் அவர்களுக்கே விளங்கியது. கொத்தளங்கள் உள்ளே குழிவு. உச்சிக்கு ஏறியவன் உள்ளே குதிக்க வேண்டும். கீழே குழிக்குள் 18 அடி, 20 அடி நீள ஈட்டியோடு ஆட்கள் அண்ணாந்து நின்றார்கள். வெளியேயிருந்து சுட்டால் அவர்கள்மேல் படாது. அந்தக் காட்சியை வரைந்தால் கோட்டை வாசலும் கொடியும் தேவையே இல்லை. குழிக்குள்ளிருந்து வானம் தெரியும், அந்த வானத்தின் விளிம்பில் ஒரு சிவப்புச் சட்டை.

ஆனால் நான் உங்கள் பையனாக இருந்தால் வேறு ஒன்றை வரைவேன். வெல்ஷ் புத்தகத்தில் ஊமைத்துரையைப் பற்றி ஒரு பத்தி உண்டு. வாய் பேச முடியாதவர், மெலிந்த உடம்பு. படைக்கு உத்தரவு எப்படிக் கொடுப்பார்? சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை. நேரம், இடம் எல்லாம் சைகையில் சொல்லிவிட்டு, வலது கையால் அதை ஒரே வீச்சில் தள்ளிவிடுவார், வாயால் 'விஸ்' என்று ஒரு சத்தம். அதுவே தாக்குதலுக்கு உத்தரவு. முன்னால் ஓடுகிறவரும் பெரும்பாலும் அவரேதான். அவரோடு சண்டை போட்டவன் எழுதிவைத்தது இது. எந்த ஓவியனும் இதைத் தொட்டதாக நான் பார்த்ததில்லை.

கோவில்பட்டி தூரிகை

மயிர் சிலிர்க்கிறது. அப்பாவிடம் சொல்லப் போகிறேன்.

சாக்பீஸ்

என் வகுப்புக்கு இதை எடுத்துக்கொள்கிறேன், அனுமதி உண்டுதானே?

சிந்துபூந்துறைக்காரன்

பையன் பிடித்துக்கொண்டான். ஒரு உள்ளங்கை, அதில் வைக்கோல், அவ்வளவுதான் படம் என்கிறான். ஆச்சி உடனே கேட்டது, "என்ன வைக்கோல்லே? நெல்லா, வரகா?" அண்ணாச்சி, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கரிசல் காடு

ஆச்சி கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் மானாவாரி, நெல்லுக்குத் தண்ணி எங்கே இருக்கு. வரகு, கம்பு, சோளம். சோளத்தட்டை தடி, உள்ளங்கையில் அடங்காது. வரகு வைக்கோல் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நெல் வைக்கோலைவிடக் கொஞ்சம் மங்கின நிறம்.

சிந்துபூந்துறைக்காரன்

வரகு என்று சொல்லிவிட்டேன். வைக்கோல் வந்துவிட்டது, விரல்தான் வரமாட்டேன் என்கிறது. என் கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஐந்தாவது தாள் ஓடிக்கொண்டிருக்கிறது.